ஒரு சர்வோ போனாலும் விமானம் இறங்க வேண்டும்: மாடல் விமானங்களில் மாற்றுக் கட்டுப்பாட்டுக்கான முழு வழிகாட்டி

பறந்துகொண்டிருந்த மாடல் விமானம் திடீரென்று ஒரு பக்கம் சாய்ந்து தரையில் குத்தினால், பக்கத்தில் நிற்பவர்கள் வாயில் முதலில் வருவது 'சிக்னல் போயிடுச்சு' என்பதுதான். சிதறிக் கிடப்பதைப் பொறுமையாகக் கிளறிப் பார்த்தால் கதை பல நேரம் வேறாக இருக்கும். பல் உடைந்த கியர், பாதி கழன்ற கனெக்டர், எல்லா சர்வோவும் (இறக்கையிலும் வாலிலும் உள்ள அசையும் பலகைகளைத் திருப்பும் சின்ன மோட்டார் பெட்டிகள்) ஒரே நேரத்தில் இழுத்தபோது ஈடுகொடுக்க முடியாத பேட்டரி என்று ஏதாவது ஒன்று கையில் கிடைக்கும்.

இவற்றில் எதையும் நூறு சதவீதம் தடுக்க முடியாது. ஒன்று போன பிறகும் விமானம் கையில் இருக்கும்படி செய்யலாம். அதைத்தான் மாற்று ஏற்பாடு என்கிறோம். இரண்டாவது சர்வோ ஒன்றை வாங்கி மாட்டிவிட்டாலே அது வந்துவிடாது. ஒரு பாகம் செத்த பிறகு, மிச்சமிருப்பதை மட்டும் வைத்து இறக்க முடிந்தால்தான் அது மாற்று ஏற்பாடு. கீழே வரும் எல்லாப் படிகளிலும் இந்த அளவுகோல்தான்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சின்ன ஃபோம் விமானத்துக்கு இதில் பாதிகூடத் தேவைப்படாது. கூடுதல் எடையும் கூடுதல் வயரும் அதற்குச் சுமைதான். பெரிய பெட்ரோல் எஞ்சின் விமானம், டர்பைன் ஜெட், பெரிய கிளைடர் வைத்திருப்பவர்கள் எல்லாப் படிகளையும் படியுங்கள். நடுத்தர அளவு விமானம் என்றால் 2, 4, 5, 8 ஆகிய படிகளை விட்டுவிடாதீர்கள்.

படி 1: சர்வோ எப்படிச் சாகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

சர்வோ ஒன்றைப் பிரித்தால் உள்ளே நான்கு விஷயங்கள் இருக்கும்: ஒரு சின்ன மோட்டார், கியர் வரிசை, வெளியே வரும் அச்சு எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று சொல்லும் பொட்டென்ஷியோமீட்டர், இவற்றை ஆளும் சர்க்யூட் போர்டு. ரிசீவரிலிருந்து (கையிலுள்ள டிரான்ஸ்மிட்டரின் சிக்னலை விமானத்தில் வாங்கும் பெட்டி) சுமார் 20 மில்லி செகண்டுக்கு ஒருமுறை ஒரு துடிப்பு வருகிறது. அதன் நீளம் 1.5 மில்லி செகண்ட் என்றால் நடுநிலை, 1 என்றால் ஒரு கோடி, 2 என்றால் மறு கோடி. துடிப்பு கேட்கும் கோணத்தையும் பொட்டென்ஷியோமீட்டர் சொல்லும் கோணத்தையும் போர்டு ஒப்பிட்டு, இரண்டும் சேரும் வரை மோட்டாரைச் சுற்றுகிறது.

இந்த நான்கில் எது போகிறது என்பதைப் பொறுத்து விமானத்தின் தலையெழுத்து மாறும். விளைவைப் பார்த்தால் மூன்று வகை.

முதல் வகை, தளர்ந்துபோவது. கியர் பல் உடைந்தால் மோட்டார் சும்மா சுற்றும், பரப்பு (சர்வோ திருப்பும் அந்த அசையும் பலகை) காற்று தள்ளும் பக்கம் மிதக்கும். சிக்னல் வயர் அறுந்தால் அனலாக் சர்வோவும் இப்படித்தான் கையைத் தளர்த்திவிடும். வேகம் குறைவாக இருந்தால் இது சமாளிக்கக்கூடியது. வேகமாகப் போகும்போது தளர்ந்த பரப்பு படபடவென்று அடிக்கத் தொடங்கும். அந்த ஃப்ளட்டர் ஓரிரு நொடிகளில் கீலையே பிய்த்துவிடும்.

இரண்டாவது, நின்ற இடத்திலேயே உறைவது. கியருக்குள் உடைந்த துண்டு சிக்கினாலோ மோட்டார் கருகினாலோ இது நடக்கும். சிக்னல் போனால் கடைசி நிலையிலேயே பிடித்து நிற்கும் டிஜிட்டல் சர்வோக்களும் உண்டு. நடுநிலைக்குப் பக்கத்தில் உறைந்தால் மூன்று வகையில் இதுதான் நல்ல சாவு.

மூன்றாவதுதான் கொடியது: ஒரு கோடிக்குப் போய் முட்டி நிற்பது. பொட்டென்ஷியோமீட்டரின் ஒரு வயர் உள்ளே விட்டுப்போனால், தான் எங்கே நிற்கிறோம் என்பதே போர்டுக்குத் தெரியாது. தேடிக்கொண்டே போய்த் தடுப்பில் இடித்து, அங்கேயே முழு விசையோடு அழுத்திக்கொண்டிருக்கும். பரப்பு முழுக்கச் சாய்ந்திருப்பது ஒரு ஆபத்து. அந்த சர்வோ முழு ஸ்டால் மின்னோட்டத்தை (அச்சு திரும்ப முடியாமல் நிற்கும்போது மோட்டார் இழுக்கும் உச்ச மின்னோட்டம்) இழுத்து மற்ற எல்லாவற்றின் வோல்டேஜையும் கீழே இறக்குவது அடுத்த ஆபத்து.

மாற்று ஏற்பாடு பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் முதல் இரண்டை மட்டுமே மனதில் வைத்துத் திட்டம் போடுகிறார்கள். மூன்றாவது வந்தால் என்ன செய்வது என்பதற்கும் உங்கள் அமைப்பில் பதில் இருக்க வேண்டும்.

படி 2: சங்கிலியை வரைந்து, ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள்

ஒரு தாளில் பேட்டரியிலிருந்து பரப்பு வரை கோடு போடுங்கள். பேட்டரி, சுவிட்ச், கனெக்டர், பிஇசி (பேட்டரி வோல்டேஜைக் குறைத்து ரிசீவருக்குக் கொடுப்பது), ரிசீவர், நீட்டிப்பு வயர், சர்வோ, சர்வோ கை, புஷ்ராட் (தள்ளும் கம்பி), க்ளெவிஸ் (கம்பி நுனிக் கொக்கி), ஹார்ன் (பரப்பில் பொருத்திய நெம்பு), கீல். ஒவ்வொரு பரப்புக்கும் ஒரு கோடு. எல்லாக் கோடுகளும் எந்தெந்தப் புள்ளியில் ஒன்றாகக் கூடுகின்றன என்று சிவப்பு மையில் வட்டம் போடுங்கள். அந்த வட்டங்கள்தான் ஒற்றை அடியில் விமானத்தை வீழ்த்தக்கூடிய இடங்கள். மின்மோட்டார் விமானத்தில் இஎஸ்சிக்கு (மோட்டாரின் வேகத்தை ஆளும் கருவி) உள்ளேயே இருக்கும் பிஇசி அப்படிப்பட்ட வட்டம். மோட்டார் அதிக மின்னோட்டம் இழுத்து இஎஸ்சி எரிந்தால், உந்துவிசையோடு கட்டுப்பாடும் சேர்ந்தே போய்விடும்.

தாளோடு நிறுத்தாதீர்கள். பிரொப்பெல்லரைக் கழற்றிவிட்டு, விமானத்தை மேசையில் வைத்து, எல்லாவற்றையும் ஆன் செய்யுங்கள். இடது ஏலரான் (விமானத்தை உருட்டும் இறக்கைப் பரப்பு) வயரை மட்டும் பிடுங்குங்கள். இப்போது டிரான்ஸ்மிட்டரின் குச்சிகளை ஆட்டிப் பார்த்து, 'இதை வைத்து இறக்குவேனா?' என்று கேளுங்கள். வயரைத் திரும்பச் செருகுங்கள். அடுத்து எலிவேட்டரின் (மூக்கை ஏற்றி இறக்கும் வால் பரப்பு) ஒரு பாதி. அடுத்து ஒரு பேட்டரி. அடுத்து ஒரு சாட்டிலைட் ரிசீவர் (முதன்மை ரிசீவரோடு இணைந்த துணை ரிசீவர்). பேட்டரி இரண்டு இருக்கிறதே என்று நம்பியிருப்பவர்கள் பலருக்கு இந்த இடத்தில்தான் தெரியவரும், இரண்டும் ஒரே சுவிட்ச் வழியாகப் போகின்றன என்று. அரை மணி நேர வேலைதான். இதைவிடப் பயனுள்ள சோதனை இந்தப் பொழுதுபோக்கில் வேறு இல்லை என்பது என் கருத்து.

படி 3: பரப்பைப் பிரியுங்கள்

ஒரே பரப்பில் இரண்டு சர்வோவை மாட்டுவதற்கும், பரப்பை இரண்டாகப் பிரித்து ஆளுக்கொரு சர்வோ கொடுப்பதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் இருக்கிறது.

பெரிய ஏரோபாட்டிக் விமானங்களில் ஒரு ஏலரானுக்கே இரண்டு மூன்று சர்வோ இருக்கும். அது விசை போதாததால் செய்வது. அதில் ஒன்று தளர்ந்துபோனால் மற்றது தாங்கும், உண்மைதான். ஒன்று கோடிக்குப் போய் முட்டினால்? இரண்டும் ஒன்றையொன்று இழுக்கும், எது ஜெயிக்கும் என்று சொல்ல முடியாது. இரண்டு இருந்தால் எது கெட்டது என்று வாக்கெடுப்பு நடத்தவும் வழியில்லை.

கணக்காகவே பார்ப்போம். ஒரு சர்வோ ஒரு பறப்பில் கெட்டுப்போக ஆயிரத்தில் ஒரு வாய்ப்பு என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். இரண்டில் எது கெட்டாலும் பரப்பு முடங்கும் என்றால் அந்த வாய்ப்பு ஆயிரத்தில் இரண்டாகிறது. அதாவது, இரண்டாவது சர்வோ நிலைமையை மோசமாக்கியிருக்கிறது. இரண்டும் தனித்தனியாக இயங்கி, இரண்டும் கெட்டால்தான் ஆபத்து என்றால் அதே வாய்ப்பு பத்து லட்சத்தில் ஒன்று. கணக்கு ஒன்றுதான், இணைக்கும் விதம்தான் எல்லாவற்றையும் மாற்றுகிறது.

எனவே எலிவேட்டரை இடது, வலது என்று பிரித்து, நடுவில் இணைக்கும் கம்பி இல்லாமல், இரண்டு சானலில் (ரிசீவரின் தனித்தனிக் கட்டளை வழிகள்) இரண்டு சர்வோ கொடுங்கள். ஒரு பாதி நடுநிலையில் உறைந்தால் மற்றது பாதி வலுவோடு வேலை செய்யும். ஒரு பாதி முழுக்க மேலே போய் நின்றால், மற்றதை முழுக்கக் கீழே இறக்கிச் சமன் செய்யலாம். விமானம் உருளப் பார்க்கும், அதை ஏலரான் பிடித்துக்கொள்ளும். கஷ்டம்தான், ஆனால் கையில் ஏதோ இருக்கிறது.

ஏலரானுக்கு ஆளுக்கொரு சர்வோ என்பது இப்போது வழக்கமாகிவிட்டது. ஆனால் ஒய் வயரில் இரண்டையும் ஒரே சானலில் செருகுவது இன்னும் நடக்கிறது. அந்த ஒய் வயரின் ஒற்றைக் கனெக்டர் கழன்றால் இரண்டும் போச்சு. தனித்தனியாக ட்ரிம் செய்யவும் (நடுநிலையை நுணுக்கமாகச் சரிசெய்யவும்) முடியாது. சானல் மிச்சம் இருந்தால் பிரித்துவிடுங்கள்.

இதில் பலர் கவனிக்காத ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஏலரான் டிஃபரென்ஷியல், அதாவது மேலே அதிகம் கீழே கொஞ்சம் போகும்படி வைத்திருப்பது. இடது ஏலரான் மேலே போய் மாட்டிக்கொண்டால், நீங்கள் குச்சியை வலது பக்கம் தள்ளுகிறீர்கள், வலது ஏலரானும் மேலே போகிறது, உருளல் சமன் ஆகிறது. அதே இடது ஏலரான் கீழே போய் மாட்டிக்கொண்டால் வலதும் கீழே போக வேண்டும். டிஃபரென்ஷியல் அதைப் பாதியில் நிறுத்திவிடும். அப்போது ரட்டர்தான் (மூக்கை இடம் வலமாகத் திருப்பும் வால் பரப்பு) துணை. ஒரு சுவிட்சைத் தட்டினால் டிஃபரென்ஷியல் ரத்தாகும்படி டிரான்ஸ்மிட்டரில் வைத்துக்கொள்வது நல்லது.

ரட்டரைப் பிரிப்பது பெரும்பாலான மாடல்களுக்கு அதிகப்படி. பெரிய விமானங்களின் கதை வேறு. போயிங் 747-இன் ரட்டர் மேல், கீழ் என்று இரண்டு துண்டு. போயிங் 737-க்கு ஒரே ரட்டர், அதை இயக்க ஒரே முதன்மை இயக்கி. அந்த இயக்கிக்குள் ஒன்றுக்குள் ஒன்றாக இரட்டை வால்வு இருந்தது, பார்ப்பதற்கு மாற்று ஏற்பாடுதான். 1991-இல் கொலராடோ ஸ்பிரிங்ஸிலும் 1994-இல் பிட்ஸ்பர்க் அருகிலும் விழுந்த இரண்டு 737-களையும் ஆராய்ந்தபோது, அந்த வால்வு சிக்கி, ரட்டரை விமானி கேட்டதற்கு நேர் எதிர்ப் பக்கம் முழுக்கத் திருப்பியிருக்கலாம் என்ற முடிவுக்கு வந்தார்கள். அதன் பிறகு வடிவமைப்பையே மாற்ற வேண்டியதாயிற்று. இரட்டை என்று பெயர் இருந்தால் போதாது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் தேட வேண்டாம்.

பறக்கும் இறக்கை வகை விமானங்களுக்கு இரண்டே எலவான் (ஏலரான், எலிவேட்டர் இரண்டின் வேலையையும் செய்யும் பரப்பு), இரண்டே சர்வோ. அங்கே ஒன்று போனால் கிட்டத்தட்ட ஆட்டம் முடிந்தது. வி வடிவ வால் உள்ளவற்றுக்கு ஏலரான் துணை இருப்பதால் கொஞ்சம் தேவலாம். இப்படிப்பட்ட விமானங்களில் மாற்று ஏற்பாட்டைப் பற்றி யோசிப்பதைவிட அந்தப் பணத்தைத் தரமான சர்வோவில் போடுங்கள்.

படி 4: சர்வோவைத் தேர்ந்தெடுப்பதும் மாட்டுவதும்

எவ்வளவு விசை தேவை? பரப்பின் அகலம் இரு மடங்கானால் தேவைப்படும் முறுக்குவிசை நான்கு மடங்கு. விமானத்தின் வேகம் இரு மடங்கானாலும் நான்கு மடங்கு. நீளம் இரு மடங்கானால் இரு மடங்கு மட்டுமே. அதனால் அகலமான பரப்பும் வேகமான டைவும் சேரும்போதுதான் சர்வோ தோற்கும். பிரித்த பரப்பு என்றால் ஒவ்வொரு சர்வோவும் தன் பாதியைத் தனியாகத் தாங்க வேண்டும். சேர்த்து மாட்டிய சர்வோ என்றால், ஒன்று செத்தால் மிச்சமிருப்பது தன் பங்கோடு செத்த சர்வோவின் கியரையும் சேர்த்து இழுக்க வேண்டியிருக்கும்.

நைலான் கியர் மோசமான தரையிறக்கத்தில் பல் உடையும். மெட்டல் கியர் உடையாது, மெல்லத் தேயும். தேய்மானத்தால் வரும் ஆட்டம்தான் ஃப்ளட்டருக்கு அழைப்பிதழ். பல் உடைவது வானத்தில்தான் நடக்கிறது என்று எண்ணிவிடாதீர்கள். காரில் ஏற்றும்போது ஏலரான் கதவில் இடித்திருக்கும், ஒரு பல்லில் விரிசல் விழுந்திருக்கும், அது மூன்றாவது பறப்பில் முறியும்.

பேட்டரி வோல்டேஜுக்குப் பொருத்தமான சர்வோதான் போட வேண்டும். முழுக்கச் சார்ஜ் ஆன இரண்டு செல் லிபோ பேட்டரி 8.4 வோல்ட் தரும். 6 வோல்ட்டுக்கு மேல் தாங்காத சர்வோவை அதில் நேரடியாகப் போட்டால் அது எவ்வளவு நாள் வாழும் என்பது அதிர்ஷ்டம். இரண்டு செல் லிஃபெ பேட்டரியின் 6.6 வோல்ட் பல பழைய சர்வோக்களுக்கு ஒத்துப்போகும், இருந்தாலும் சர்வோவின் விவரத்தாளைப் பார்த்துவிட்டே செருகுங்கள்.

மாட்டும்போது செய்யும் தவறுகள் சின்னவை, விலை பெரியது. ரப்பர் குரோமெட்டோடு வரும் பித்தளைக் குழலின் அகன்ற விளிம்பு மரத்தின் பக்கம் இருக்க வேண்டும், அதாவது கீழிருந்து மேலாகச் செருக வேண்டும். தலைகீழாக வைத்தால் ஸ்க்ரூவை இறுக்க இறுக்க ரப்பர் நசுங்கும், எஞ்சின் அதிர்வு முழுதும் சர்வோவுக்குள் போகும். சர்வோ கையின் பல் எண்ணிக்கை சர்வோ அச்சோடு பொருந்த வேண்டும். ஃபுடாபா வகைக்கு 25 பல், ஹைடெக்கில் பலவற்றுக்கு 24, ஜேஆர் வகைக்கு 23. 24 பல் கையை 25 பல் அச்சில் அழுத்தி ஏற்றினால் ஏறிவிடும், பறக்கும்போது வழுக்கும்.

புஷ்ராடை சர்வோ கையில் அச்சுக்குப் பக்கத்துத் துளையிலும், பரப்பின் ஹார்னில் வெளித் துளையிலும் மாட்டுங்கள். சர்வோ தன் முழுப் பயணத்தையும் செய்யும்போது பரப்பு உங்களுக்குத் தேவையான கோணம் மட்டும் திரும்பும். விசை கூடும், ஆட்டம் குறையும். இதற்கு நேர்மாறாக நீளமான கையைப் போட்டுவிட்டு டிரான்ஸ்மிட்டரில் பயணத்தை 40 சதவீதத்துக்குக் குறைப்பவர்கள், காசு கொடுத்து வாங்கிய விசையில் பாதிக்கு மேல் வீணடிக்கிறார்கள். கோடிக்குப் போய் முட்டும் பிரச்சினைக்கும் இது பொருந்தும். டிரான்ஸ்மிட்டர் போட்ட வரம்பு கெட்ட சர்வோவுக்குத் தெரியாது, அது தன் உடல் வரம்பு வரை போகும். லிங்கேஜின் (கை, கம்பி, ஹார்ன் சேர்ந்த இணைப்பு) அளவால் வரம்பு வைத்திருந்தால் பரப்பும் குறைந்த கோணத்தில் நிற்கும்.

க்ளெவிஸின் மேல் சிலிகான் குழாய் வளையம் போடுங்கள். பந்து இணைப்பு என்றால் வெளிப்பக்கம் ஒரு அகன்ற வாஷர் இருக்கட்டும். பந்து கழன்றாலும் இணைப்பு வெளியே நழுவாது.

பெரிய ஏலரானில் இரண்டு சர்வோ சேர்த்து மாட்டியே ஆக வேண்டும் என்றால், ஒரே மாடலாக இருக்க வேண்டும். முதலில் ஒன்றை மட்டும் இணைத்து நடுநிலை, மேல் கோடி, கீழ் கோடி மூன்றையும் சரிசெய்யுங்கள். இரண்டாவதன் புஷ்ராட், மூன்று நிலையிலும் இழுக்காமல் தள்ளாமல் ஹார்ன் துளையில் தானாக விழ வேண்டும். அப்புறம் பேட்டரி வயரில் ஆம்பியர் மீட்டர் வைத்துப் பாருங்கள். பரப்பு அசையாமல் நிற்கும்போது இரண்டாவதை இணைத்ததும் மின்னோட்டம் எகிறினால், அவை தங்களுக்குள் சண்டை போடுகின்றன என்று அர்த்தம். காதை வைத்தால் ரீங்காரமும் கேட்கும்.

படி 5: மின்சாரம்

சர்வோ நன்றாக இருந்து மின்சாரம் போனால் எல்லா சர்வோவும் ஒரே நேரத்தில் செத்ததற்குச் சமம். சாதாரண சர்வோ ஒன்று ஸ்டால் ஆகும்போது 1 முதல் 2 ஆம்பியர் வரை இழுக்கும். அதிக விசை டிஜிட்டல் சர்வோ 5 ஆம்பியரையும் தாண்டும். ஆறு, எட்டு சர்வோ ஒரே நொடியில் அசையும்போது வோல்டேஜ் சரியும். பல ரிசீவர்கள் 3.5 வோல்ட் பக்கம் போனால் மயங்கி மறுபடி தொடங்கும். அந்த ஒன்றிரண்டு நொடி போதும், 'சிக்னல் போயிடுச்சு' கதை பிறந்துவிடும்.

அளந்து பாருங்கள். ரிசீவரின் காலி சானலில் மீட்டரைச் செருகி, ஒருவர் எல்லாக் குச்சிகளையும் வேகமாகச் சுழற்ற, இன்னொருவர் பெரிய பரப்புகளைக் கையால் லேசாக எதிர்த்துப் பிடிக்கட்டும். சாதாரண மல்டிமீட்டர் நொடிப் பள்ளங்களைப் பிடிக்காது. குறைந்தபட்ச வோல்டேஜைப் பதிவு செய்யும் டெலிமெட்ரி இருந்தால் அதை நம்புங்கள். 5 வோல்ட் அமைப்பில் இது 4.5-க்குக் கீழே போனால் நான் அந்த விமானத்தைப் பறக்க விடமாட்டேன். ஒரு சர்வோ ஸ்டால் ஆகி நிற்க, மற்றவை இயல்பாக ஓடும் நிலைமைக்கும் பேட்டரியும் பிஇசியும் ஈடுகொடுக்க வேண்டும். கணக்குப் போடும்போது அந்த ஒரு ஸ்டாலைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டு பேட்டரி என்றால் இரண்டு சுவிட்ச், இரண்டு வயர், ரிசீவரில் இரண்டு தனி நுழைவு. ஒன்றில் செல் உள்ளே ஷார்ட் ஆனால் மற்றது அதற்குள் பாயாமல் இருக்க நடுவே டயோடு வேண்டும். ஷாட்கி டயோடு சுமார் 0.3 முதல் 0.5 வோல்ட் தின்னும், அதையும் கணக்கில் வையுங்கள். பெரிய விமானங்களுக்குப் பவர்பாக்ஸ் போன்ற பெட்டிகள் இதையெல்லாம் உள்ளேயே செய்கின்றன. சுவிட்ச் வகையில், பழுதானால் ஆன் நிலையிலேயே நிற்கும் எலக்ட்ரானிக் சுவிட்சைத் தேடி வாங்குங்கள்.

இரண்டு பேட்டரியையும் தனித்தனியாக, ஒவ்வொன்றை மட்டும் இணைத்து, மேலே சொன்ன அதே குச்சிச் சுழற்றலைச் செய்யுங்கள். தனியாகத் தாங்காத பேட்டரி மாற்று ஆகாது.

படி 6: ரிசீவரைப் பங்கிடுங்கள்

இரண்டு முழு ரிசீவர் வைப்பவர்கள் ஏலரான் எல்லாம் ஒன்றில், எலிவேட்டர் எல்லாம் மற்றதில் என்று பிரிப்பது தவறு. இடது ஏலரான், இடது எலிவேட்டர், த்ராட்டில் (எஞ்சின் வேகத்தைக் கூட்டிக் குறைப்பது) ஒன்றில். வலது ஏலரான், வலது எலிவேட்டர், ரட்டர் மற்றதில். எது போனாலும் உருளலுக்கும் மூக்குக்கும் பாதியாவது மிஞ்சும்.

ஆன்டெனாக்கள் ஒன்றுக்கொன்று செங்குத்தாக, முடிந்தவரை தள்ளி இருக்கட்டும். கார்பன் ஃபைபர் உடலுக்குள் வைத்தால் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை தடைபடும், நுனிகளை வெளியே எடுங்கள்.

எல்லாவற்றையும் இரட்டிப்பாக்கிவிட்டு ஒரே இடத்தில் கட்டிவைப்பதில் ஒரு ஆபத்து இருக்கிறது. 1989 ஜூலை 19 அன்று யுனைடெட் நிறுவனத்தின் 232-ஆம் எண் டிசி-10 விமானத்தில் மூன்று தனித்தனி ஹைட்ராலிக் அமைப்புகள் இருந்தன. வாலில் இருந்த எஞ்சினின் விசிறி வட்டு வெடித்து, சிதறிய துண்டுகள் மூன்றையும் ஒரே அடியில் அறுத்தன, ஏனென்றால் மூன்றின் குழாய்களும் வாலில் பக்கம் பக்கமாகப் போயின. விமானிகள் இறக்கை எஞ்சின்கள் இரண்டின் உந்துவிசையை மட்டும் கூட்டிக் குறைத்து சியூ சிட்டி வரை கொண்டுவந்தார்கள். 296 பேரில் 184 பேர் பிழைத்தார்கள். உங்கள் விமானத்தில் இரண்டு பேட்டரியும் ஒரே வெல்க்ரோ பட்டையில் நிற்கிறதா, எல்லா நீட்டிப்பு வயரும் சைலென்ஸருக்குப் பக்கத்தில் ஒரே கட்டாகப் போகிறதா என்று பாருங்கள். இரண்டு பேட்டரியும் ஒரே நாளில் வாங்கி ஒரே அளவு பழையவை என்பதும் இதே வகை ஆபத்துதான்.

படி 7: ஃபெயில்சேஃபும் காப்பாற்றும் மிக்ஸும்

ஃபெயில்சேஃப், அதாவது முன்பே பதிந்த நிலைக்கு ரிசீவர் சர்வோக்களைக் கொண்டுபோவது, சிக்னல் போனால் மட்டுமே வேலை செய்யும், சர்வோ செத்தால் அதற்குத் தெரியாது. இருந்தாலும் த்ராட்டிலை மூடும்படி வையுங்கள், பிரொப்பெல்லரைக் கழற்றிவிட்டு டிரான்ஸ்மிட்டரை அணைத்துச் சோதியுங்கள். பெட்ரோல் எஞ்சினுக்கு இக்னிஷனை அறுக்கும் சுவிட்ச் த்ராட்டில் சர்வோவைச் சாராத தனிச் சானலில் இருக்கட்டும். த்ராட்டில் சர்வோ முழுத் திறப்பில் உறைந்தால் அது ஒன்றுதான் வழி.

டிரான்ஸ்மிட்டரில் இரண்டு மிக்ஸ்களைச் (ஒரு குச்சியின் கட்டளையை வேறொரு பரப்புக்கும் அனுப்பும் அமைப்பு) சுவிட்சில் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று, ஏலரான் குச்சியை ரட்டருக்குக் கொடுப்பது. ஏலரான் போனால் பழகிய அதே கையால் ரட்டரில் திருப்பலாம். இறக்கை மேல்நோக்கி வளைந்த விமானங்களுக்கு இது அருமையாக வேலை செய்யும். இரண்டாவது, எலிவேட்டர் குச்சியை இரண்டு ஏலரானுக்கும் சேர்ந்து மேலும் கீழும் போகும்படி கொடுப்பது. இதன் விளைவு விமானத்துக்கு விமானம் மாறும். சிலவற்றில் ஏலரான்கள் மேலே போனால் மூக்கு தூக்கும், சிலவற்றில் விமானம் அப்படியே அமிழும். நல்ல உயரத்தில் ஒருமுறை சோதித்து, எந்தப் பக்கம் என்று முடிவு செய்த பிறகே நம்பலாம்.

நிலைப்படுத்தும் கைரோ வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. தேய்ந்த கியர், மெதுவான சர்வோ, பாதி உறைந்த எலிவேட்டர் எல்லாவற்றையும் அது சத்தமில்லாமல் சரிக்கட்டும். நோயை மறைக்கும், கடைசியில் அதன் வரம்பு தீர்ந்த நொடியில் எல்லாம் சேர்ந்து வெளியே வரும். அவ்வப்போது அதை அணைத்துவிட்டு ஒரு பறப்பு பறந்து பாருங்கள்.

படி 8: ஒவ்வொரு முறையும் தரையில் பார்க்க வேண்டியவை

சக்தியை அணைத்த நிலையில் ஒவ்வொரு பரப்பையும் விரல் நுனியால் மெல்ல ஆட்டுங்கள், வேகமாகத் தள்ளினால் நீங்களே பல்லை உடைப்பீர்கள். கியர் சீராகச் சுழல வேண்டும். ஓரிடத்தில் தடுக்கி, ஒரு 'டிக்' கொடுத்துத் தாண்டினால் அங்கே ஒரு பல் இல்லை அல்லது விரிசல் விட்டிருக்கிறது.

சக்தி கொடுத்ததும் குச்சியை நடுநிலையிலிருந்து மிக மெதுவாக நகர்த்துங்கள். பொட்டென்ஷியோமீட்டர் பெரும்பாலும் நடுவில்தான் தேயும், ஏனென்றால் சர்வோ தன் வாழ்நாளின் பெரும்பகுதியை அங்கேதான் கழிக்கிறது. தேய்ந்திருந்தால் அந்த இடத்தில் பரப்பு துடித்து நடுங்கும். குச்சியைத் தொடாதபோதும் நடுங்கினால் அந்த சர்வோவை அன்றே மாற்றுங்கள், அடுத்த வாரம் என்று தள்ளிப்போடாதீர்கள்.

பறந்து இறங்கியதும் ஒவ்வொரு சர்வோவையும் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் சூடாக இருந்தால் லிங்கேஜ் எங்கோ உரசுகிறது அல்லது அது ஏதோ ஒன்றோடு போராடுகிறது. கனெக்டர்களுக்குக் கிளிப் போடுங்கள், லேசாக இழுத்தால் கழலும் கனெக்டரை வெட்டி எறியுங்கள். குறைந்த சக்தியில் கையேடு சொல்லும் தூரம் நடந்து ரேஞ்ச் சோதனை செய்யுங்கள், பெட்ரோல் எஞ்சின் என்றால் அது ஓடும்போதும்.

படி 9: வானத்தில் போய்விட்டால்

முதலில் த்ராட்டிலைக் குறையுங்கள். தளர்ந்த பரப்புக்கும் ஃப்ளட்டருக்கும் வேகம்தான் தீனி. படபட என்ற சத்தம் கேட்டால் யோசிக்காமல் குறையுங்கள். ஒரே விதிவிலக்கு, மூக்கு கீழே போய்க்கொண்டிருக்க எலிவேட்டர் இல்லை என்றால். அப்போது பல விமானங்களில் த்ராட்டிலைக் கூட்டினால்தான் மூக்கு தூக்கும்.

அடுத்து, எந்தக் குச்சிக்கு இன்னும் பதில் கிடைக்கிறது என்று சின்ன அசைவுகளில் பாருங்கள். எலிவேட்டர் போய்விட்டால் ஏறுவதும் இறங்குவதும் த்ராட்டில் வேலை. மூக்கு மேலே தூக்கியபடி உறைந்திருந்தால் விமானத்தைச் சாய்த்து வட்டமடிக்க வையுங்கள். சாய்வில் தூக்குவிசையின் ஒரு பகுதி பக்கவாட்டில் போவதால் மூக்கு ஸ்டால் (வேகம் குறைந்து இறக்கை தூக்குவிசையை இழக்கும் நிலை) வரை ஏறாது. ஏலரான் ஒன்று கோடியில் மாட்டியிருந்தால் எதிர்ப்பக்கம் குச்சியும் ரட்டரும் கொடுத்து, வேகத்தை வழக்கத்தைவிடச் சற்று அதிகமாகவே வைத்திருங்கள். பரப்பு மாட்டிய நிலையில் ஸ்டால் வேகம் கூடும், மெதுவாகப் போனால் மிச்சமுள்ள பரப்புகளுக்கும் வலு இருக்காது. ரட்டர் மாட்டிக்கொண்டாலும் இதே கதைதான், ஒரு வேகத்துக்குக் கீழே ஏலரானால் அதை எதிர்க்கவே முடியாது. அதனால் தரையைத் தொடும் வரை வேகத்தை விட்டுக்கொடுக்காதீர்கள்.

பெரிய வட்டங்கள், நீளமான நேர்ப்பாதை, மனிதர்கள் நிற்கும் பக்கத்துக்கு எதிரே. ஓடுபாதையில்தான் இறக்க வேண்டும் என்ற பிடிவாதம் வேண்டாம். கட்டுப்பாடு நழுவுகிறது என்று தெரிந்தால் எஞ்சினை அணைத்து ஆளில்லாத இடத்தில் விடுங்கள். விமானத்தைத் திரும்பக் கட்டிக்கொள்ளலாம்.

படி 10: இறங்கிய பிறகு

சக்தியை அணைப்பதற்கு முன் எந்தப் பரப்பு எங்கே நிற்கிறது என்று ஒரு படம் எடுங்கள், டெலிமெட்ரி பதிவைச் சேமியுங்கள். அணைத்துவிட்டால் ஆதாரத்தில் பாதி போய்விடும். கெட்ட சர்வோவை அப்படியே குப்பையில் போடாமல் பிரித்துப் பாருங்கள். கியர் பல் உடைந்ததா, மோட்டார் பிரஷ் தேய்ந்ததா, போர்டில் சாலிடர் விட்டதா என்பதைப் பொறுத்து மற்றவற்றை என்ன செய்வது என்று முடிவாகும். பிரஷ் தேய்மானம் என்றால், அதே நாளில் மாட்டிய மற்ற சர்வோக்களும் அதே வயதுதான், எல்லாவற்றையும் மாற்ற வேண்டியிருக்கும். உடைந்த பல் என்றால் அந்த ஒரு கியர் செட்டோடு போகலாம், இடித்தது எப்போது என்று யோசித்துப் பார்த்து. கோடிக்குப் போய் முட்டிய சர்வோ என்றால் அதன் வயரும் கனெக்டரும் அதிக மின்னோட்டத்தில் சூடேறியிருக்கும், அவற்றையும் சேர்த்தே மாற்றுங்கள். மாற்றி முடித்ததும் படி 2-இன் பிடுங்கிப் பார்க்கும் சோதனையை அந்தப் பரப்புக்கு மட்டுமாவது மறுபடி செய்துவிட்டுப் பறக்க விடுங்கள்.